டபராவும் டம்ளரும்: குழந்தைக்குத் தெரியாது என்று எப்போது சொல்வது?

கும்பகோணம் பக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள் மாலை. அவள் பேரனுக்கு 8 வயது, பேத்திக்கு 5. இரண்டு பேருக்கும் ஒரே அளவு டம்ளரில் பால் வந்தது. பேத்தியின் பால் சுடுகிறது என்று தங்கை அதை டபராவில் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். உடனே அழுகை.

“அண்ணனுக்கு மட்டும் நெறைய. எனக்குக் கொஞ்சூண்டு.”

“ஒன் டம்ளர்லேருந்துதானே ஊத்துனேன்? நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் டபராவில் பால் நிற்கும் உயரத்தை விரலால் தொட்டுக் காட்டி, “இவ்ளோதான் இருக்கு” என்றாள். தங்கை பாலைத் திரும்ப டம்ளரில் ஊற்றியதும் அழுகை நின்றது. “எல்லாம் அடம்” என்று சொல்லிக்கொண்டே தங்கை அடுப்படிக்குப் போனாள்.

அது அடம் இல்லை. ஏறக்குறைய இதே சோதனையைத்தான் ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் செய்தார். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு தண்ணீர். குழந்தை பார்க்கப் பார்க்க ஒன்றிலிருப்பதை ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றுவார். இப்போது எதில் அதிகம் என்று கேட்பார். 6, 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் உயரக் குவளையைக் காட்டினார்கள். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்ற தெளிவு அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது அவர் கண்ட முடிவு. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் அந்த வயதுக் குழந்தையால் பிடித்துக்கொள்ள முடியும். உயரம் கண்ணில் பட்டால் அகலம் மறைந்துவிடும். ஊற்றியதைத் திரும்ப ஊற்றினால் பழையபடி ஆகும் என்று மனத்துக்குள்ளேயே பின்னோக்கிப் போய்ப் பார்க்கவும் முடியாது. தங்கை பேத்திக்கு அதைக் கையால் செய்து காட்ட வேண்டியிருந்தது. காபிக்குப் பேர்போன ஊரில், வீட்டுக்கு வீடு பியாஜேயின் ஆய்வுக்கூடம் அலமாரியிலேயே இருக்கிறது.

பியாஜே 1896-இல் பிறந்தவர். முதலில் அவர் உயிரியல் ஆள். நத்தைகளையும் சிப்பிகளையும் ஆராய்ந்து பட்டம் வாங்கினார். பிறகு பாரிஸில், பிள்ளைகளின் பகுத்தறியும் திறனை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றைச் செப்பம் செய்யும் வேலை கிடைத்தது. சரியான விடைகளை எண்ணிக் கணக்கெடுப்பதுதான் வேலை. அவருக்கோ தவறான விடைகள்மேல் கண் போயிற்று. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறினார்கள். தவறுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. அப்படியானால் குழந்தை சின்ன அளவில் இருக்கும் பெரியவர் அல்ல, அதன் சிந்தனைக்கென்று தனி அமைப்பு உண்டு என்ற முடிவுக்கு வந்தார். அவர் எழுதிக் குவித்த எல்லாவற்றிலும் இந்த ஒன்றைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடம். 150 கேள்விகளில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பற்றியவை. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் மயிலாடுதுறையிலும் பயிற்சி மையங்களில் பியாஜேயின் நான்கு நிலைகளையும் வயதோடு ஒப்பிக்கிறார்கள். புலனியக்க நிலை 2 வயதுவரை, செயலுக்கு முற்பட்ட நிலை 7 வரை, கண்கூடான பொருள்களோடு சிந்திக்கும் நிலை 11 வரை, அதன்பின் கருத்தளவில் சிந்திக்கும் நிலை. ஒப்பிப்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த பின், தவறாகச் சொன்ன குழந்தையிடம் “அப்படி ஏன் நினைக்கிறே?” என்று கேட்காவிட்டால் அந்த நான்கு பெயரையும் படித்ததில் பயன் இல்லை. பியாஜே கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

குழந்தை எப்படிப் புதியதை உள்ளே வாங்குகிறது என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் டெல்டாவில் எளிதாகப் புரியும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஆறு என்றால் ஓடுகிற தண்ணீர். வாய்க்காலைப் பார்த்தாலும் “ஆறு” என்று சொல்லும். தன்னிடம் இருக்கும் பெட்டிக்குள் புதியதைப் போட்டுக்கொள்கிறது; பாடநூல் இதைத் தன்மயமாக்கல் என்கிறது. சித்திரை, வைகாசியில் தாத்தா அதே குழந்தையைக் குடமுருட்டிக்கோ அரசலாற்றுக்கோ கூட்டிப்போய், வெறும் மணலைக் காட்டி, “இதாம்மா ஆறு” என்கிறார். தண்ணீரே இல்லாத ஆறு! பெட்டி உடைகிறது. ஆறு என்பது தண்ணீரா, கரையா, மணலா, போகும் வழியா? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, சில நாள் கழித்து அந்த மணல்மேல் நுரையோடு தண்ணீர் வருவதைப் பார்க்கும்போது குழந்தையின் மனத்தில் ஆறு என்ற சொல் முன்னைவிட விரிந்த பொருளோடு உட்காருகிறது. பெட்டியையே மாற்றிக்கொள்ளும் இந்த வேலைக்குப் பொருந்துதல் என்று பெயர். முரணைக் கண்டால்தான் இது நடக்கும். கேட்டு எழுதிய வரையறையால் நடக்காது.

இதுவரை சரி. இனி, பியாஜேயை அப்படியே ஏற்க முடியாத இடத்துக்கு வருகிறேன்.

அவருடைய சோதனையில் குழந்தையிடம் ஒரே கேள்வி இரண்டு முறை கேட்கப்படுகிறது. ஊற்றுமுன் “ரெண்டும் ஒண்ணா?”, ஊற்றியபின் மறுபடியும் “ரெண்டும் ஒண்ணா?” நம் வகுப்பறையில் உட்கார்ந்த எந்தக் குழந்தைக்கும் இதன் பொருள் தெரியும். டீச்சர் திருப்பிக் கேட்டால் முதல் விடை தப்பு. “ஏழு” என்று சரியாகச் சொன்ன பிள்ளை, “என்னது?” என்று கேட்டதும் “எட்டு சார்” என்று மாற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 1974-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. மாற்றிவைத்தபின் ஒருமுறை மட்டும் கேள்வியைக் கேட்டபோது பிள்ளைகள் குறைவாகவே தவறினார்கள்.

அதே ஆண்டு ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மக்கேரிகிளும் இன்னொன்று செய்தார்கள். இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகள். வழக்கமாக ஆய்வாளரே ஒரு வரிசையை நெருக்கிவைத்துக் கேட்பார், சின்னப் பிள்ளைகள் நீளமான வரிசையில்தான் அதிகம் என்பார்கள். இங்கே ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை பெட்டியிலிருந்து வந்து வரிசையைக் கலைத்துவிட்டுப் போயிற்று. அதன்பின் கேட்டபோது, 4 முதல் 6 வயதுள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டுக் கேட்டால் அந்த மாற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. கரடி கலைத்ததற்கு அப்படி அர்த்தம் கிடையாது. பொம்மையின் சேட்டையில் பிள்ளைகள் வில்லைகளையே கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பிலும் நியாயம் உண்டு. ஆனாலும் ஒன்று நிலைத்துவிட்டது. குழந்தைக்குத் தெரியுமா என்று பார்க்கிறவர், தான் கேட்ட விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கை பழகிய பொருளும் விடையை மாற்றும். 1969-இல் மெக்சிகோவில் குயவர் வீட்டுப் பிள்ளைகளையும் மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். களிமண் உருண்டையைத் தட்டினாலோ நீட்டினாலோ மண்ணின் அளவு மாறுமா என்ற கேள்விக்குக் குயவர் வீட்டுப் பிள்ளைகள் மேலாகப் பதில் சொன்னார்கள். நாள் முழுக்க மண்ணோடு கிடக்கும் கைக்கு அது தெரிந்த விஷயம். சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்கள் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்து மெழுகு உருவத்தின் மேல் பூசுகிறார்கள். மெழுகின் எடையை வைத்தே எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தப் பட்டறையில் மெழுகை உருட்டியபடி வளர்கிற பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்லும் என்று எண்ணிப் பார்க்கிறேன். பியாஜேயின் வயதுக் கோடுகள் எல்லாத் தெருவுக்கும் ஒரே இடத்தில் விழாது.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வலங்கைமான் பக்கத்தில் நான் ஆசிரியராக வேலை பார்த்தபோது நான்காம் வகுப்பில் ஒரு பையன். பலகையில் 40-ஐ 7-ஆல் பெருக்கச் சொன்னால் சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தபடி நிற்பான். பதிவேட்டில் ‘கணக்கில் பின்தங்கியவன்’ என்று எழுதினேன். தை மாதம், சம்பா அறுப்பு முடிந்து நெல் கொள்முதல் நிலையத்தில் குவிந்திருந்த நேரம். அவன் அப்பாவோடு அங்கே நின்றிருந்தான். ஒரு சிப்பம் 40 கிலோ. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், “தம்பி, ஏழு சிப்பம் எவ்வளவுடா?” என்றார். “ரெண்டு எம்பது, நாலு நூத்தறுவது, ஆறு எரநூத்தி நாப்பது, அதோட ஒண்ணு... எரநூத்தி எம்பது.” மூச்சு விடாமல் சொன்னான். பலகையில் நான் எழுதிய அதே கணக்கு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகுதான் பிரேசில் ஆய்வைப் படித்தேன். ரெசிஃபே நகரத் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை டெரெசின்யா கர்ராயரும் உடன் இருவரும் ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார்கள். வாடிக்கையாளரைப் போலப் போய்க் கேட்டபோது 98 சதவீத விடைகள் சரி. அதே கணக்குகளை எழுத்தில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. தேங்காய் விற்ற 12 வயதுப் பையனிடம் 35 விலையில் 10 தேங்காய் கேட்டார்கள். பத்தால் பெருக்க ஒரு சுழியைச் சேர்த்தால் போதும் என்று பள்ளி சொல்லும். அவனோ மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350-ஐத் தொட்டான். என் வகுப்புப் பையன் சிப்பத்தைக் கூட்டிய அதே வழி. பட்டுக்கோட்டை, பேராவூரணியில் தேங்காய் எண்ணும் பிள்ளைகளிடமும் இது இருக்கும்.

2025-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதை இந்தியாவிலேயே காட்டியது. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகள் சிக்கலான விற்பனைக் கணக்கை மனத்திலேயே முடித்தார்கள், ஆனால் பாடநூல் வடிவத்தில் கொடுத்த எளிய கணக்கில் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ பாடநூல் கணக்கைச் செய்தார்கள், சந்தைக் கணக்கில் மிகச் சிலரே தேறினார்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும். கையில் பேப்பரும் பென்சிலும் இல்லாவிட்டால் நூறு ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று சொல்லத் தெரியாத, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கும் பள்ளி ஒன்றைக் கொடுக்காமல் விட்டிருக்கிறது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பிளவு கிடையாது. அங்கே பிள்ளைகள் படித்த எண்சுவடிகளில் நெல்லிலக்கம் என்றே ஒன்று உண்டு. இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். அந்தக் குறுணிதான் மரக்கால். அதைத்தான் களத்துமேட்டில் “லாபம், ரெண்டு, மூணு” என்று அளந்தார்கள். ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்குவதைக்கூட, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், பக்கத்தில் நின்றே பிள்ளை கற்றுக்கொள்ளும். அதற்காக அந்தத் திண்ணையைக் கொண்டாட நான் தயாரில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடமே இல்லை. உள்ளே இருந்த பிள்ளைக்கும் பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தன.

பிரம்பைப் பற்றி உளவியல் என்ன சொல்கிறது? “கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் தோலை உரிச்சிடுங்க சார்” என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் கூண்டில் அடைத்த பூனைகளை வைத்துக் கண்டது, நல்ல பலன் தந்த செயல் திரும்ப வரும் என்பது. தண்டனை பழைய செயலை அழித்துவிடும் என்று அவரும் முதலில் நினைத்தார், பின்னாளில் அந்தக் கருத்தைத் திருத்திக்கொண்டார். அவருக்குப் பின் வந்த இன்னோர் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரும் தண்டனையை ஆதரிக்கவில்லை. நல்ல பலன் தந்து செயலை நிலைக்கவைக்கும் வலுவூட்டல்தான் நடத்தையை உருவாக்கும் என்பது அவர் வாதம். அடி வாங்கிய பிள்ளை கணக்கைக் கற்றுக்கொள்கிறதோ இல்லையோ, கணக்கு வாத்தியாரின் செருப்புச் சத்தத்துக்கு நடுங்கக் கற்றுக்கொள்ளும். மணியோசைக்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்க்கு நேர்ந்ததும் இதே இணைப்புதான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுத்திருக்கிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆனபின்னும் அடிப்பதற்குச் சாக்குத் தேடுவது எனக்குத் தாங்கவில்லை.

பரிசும் எல்லா நேரத்திலும் நல்லது செய்யாது. 1973-இல் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் போடுவதை விரும்பிச் செய்த பிள்ளைகளில் சிலருக்கு, படம் போட்டால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே படம் போட்டார்கள். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தக் குறைவு இல்லை. “அஞ்சு குறள் சொல்லு, போன் தர்றேன்” என்கிற வீடுகளில் இது நினைவிருக்கட்டும். குறளைத் தானாகவே சொல்லிக்கொண்டிருந்த பிள்ளையிடம்தான் இந்தப் பேரம் அதிகம் கெடுதல் செய்யும்.

இனி லெவ் வைகாட்ஸ்கி என்ற சோவியத் உளவியலாளர். பியாஜே பிறந்த அதே 1896-இல், இன்றைய பெலாரஸ் நாட்டில் பிறந்தவர். காசநோயால் 1934-இல், 37 வயதில் இறந்தார். அவர் எழுத்து ஆங்கிலத்தில் பரவவே 1962-க்கு மேல் ஆயிற்று. அவருடைய கேள்வி வேறு. குழந்தை தனியாக என்ன செய்யும் என்று மட்டும் அளந்தால் நேற்று வளர்ந்து முடிந்ததைத்தான் அளக்கிறோம். கூட ஒருவர் இருந்து, ஒரு கேள்வி கேட்டு, முதல் படியைத் தொடங்கிக் கொடுத்தால் எதுவரை போகும்? இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். தனியாகச் செய்யச் சொன்னால் ஒரே மதிப்பெண் வாங்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி சின்ன உதவியோடு இரண்டு வகுப்பு மேலே போவாள், இன்னொருத்தி அரை வகுப்புதான் போவாள். இரண்டு பேரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்று மதிப்பெண் பட்டியல் சொல்கிறது. நாளைக்கு அவர்களுக்கு வேண்டியது ஒரே பாடம் அல்ல.

உதவுகிற அந்த ஆள் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் முன்னே போன சக மாணவனாகவும் இருக்கலாம். நம் திண்ணையில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் படிக்கத் தொடங்கியபோது, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அந்த நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் ஓர் அனாதைப் பள்ளியை நடத்தியபோது, தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பையன்களை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-இல் அதை இங்கிலாந்தில் அச்சிட்டு வெளியிட, மதராஸ் முறை என்ற பெயரிலேயே அங்கே பரவியது. ஆனால் அங்கே அது செலவைக் குறைக்கும் ஏற்பாடாகப் போய்விட்டது. மூத்தவன் ஒப்பிக்கச் சொல்வான், இளையவன் ஒப்பிப்பான். வைகாட்ஸ்கி சொன்னது அதுவல்ல. இரண்டு பேரும் ஒரே வேலையில் கைவைத்து, பேசிப் பேசி நகர வேண்டும்.

எவ்வளவு உதவுவது, எப்போது நிறுத்துவது? 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கேய்ல் ராஸ் மூவரும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு 21 மரத்துண்டுகளைக் கோத்துக் கோபுரம் செய்யக் கொடுத்தார்கள். உதவிக்கு இருந்தவர் என்ன செய்தார் என்பதை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து, அதற்குச் சாரம் என்று பெயரிட்டார்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் நம் ஊர்க் கோபுரத்தைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வேலை முடிந்த இடத்தில் சாரத்தைப் பிரித்துக்கொண்டே வருவார்கள். டியூஷனில் பல பிள்ளைகளுக்குச் சாரம் பிரிக்கப்படுவதே இல்லை. விடை எழுதிய நோட்டையே கையில் கொடுத்துவிடுகிறோம். ஆறாம் வகுப்பிலும் பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால்தான் பேனா நகர்கிறது.

பேச்சு எப்படிச் சிந்தனையாகிறது என்று வைகாட்ஸ்கி சொன்னதற்கு நம் இசைப் பயிற்சியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தவில் பழகும் பிள்ளை சொல்கட்டை வாயால் உரக்கச் சொல்லிச் சொல்லிக் கைக்குக் கொண்டுவரும். நாளாக ஆக உதடு மட்டும் அசையும். பிறகு அதுவும் நின்று, உள்ளே மட்டும் ஓடும். விளையாடும் குழந்தை தனக்குத்தானே “இத இங்க வை, இப்ப மூடு” என்று பேசிக்கொள்வதும் இதே வழியில் நடக்கிறது. பியாஜே அந்தப் பேச்சைத் தன்னையே மையமாகக் கொண்ட, முதிராத பேச்சு என்று பார்த்தார். வைகாட்ஸ்கியோ அது குழந்தை தன் கையைத் தானே நடத்தும் முறை, கடினமான வேலை வரும்போது அது கூடும் என்றார். பின்வந்த ஆய்வுகள் வைகாட்ஸ்கி பக்கமே சாய்ந்திருக்கின்றன. ஆகவே கணக்குப் போடும்போது முணுமுணுக்கும் பிள்ளையை “வாயை மூடு” என்று அதட்டும் வகுப்பறை, அதன் கைத்தடியைப் பிடுங்குகிறது.

என் வகுப்புப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் பலகையில் ஏழு கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் 40 என்று எழுதி, நேற்று சொன்ன மாதிரியே சொல்லச் சொன்னேன். அவன் சொல்லச் சொல்ல 80, 160, 240 என்று பக்கத்தில் குறித்தேன். பிறகு அதையே சுருக்கி எழுதினால் இப்படி இருக்கும் என்று 40-க்குப் பக்கத்தில் பெருக்கல் குறியைப் போட்டேன். ஒரே நாளில் வந்துவிடவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று. சிப்பத்திலிருந்து சாக்கு, சாக்கிலிருந்து பேனா டப்பா, அதிலிருந்து வெறும் எண் என்று மெதுவாகத்தான் நகர்ந்தோம். களத்துமேட்டுக் கணக்கு தானாகப் பலகைக்கு ஏறிவிடாது, யாராவது ஏற்றிவிட வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இந்தக் கொள்கைகள் பல உள்ளே இருக்கின்றன. தொடக்க வகுப்புகளில் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் அவர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பாட்டும் பொம்மையும் துணைக் கருவிகளுமாகச் சொல்லிக்கொடுப்பது நல்ல ஏற்பாடு. எனக்கு ஒரு பயம் உண்டு. ‘பின்தங்கியவன்’ என்று நான் எழுதியதைப் போல, ‘அரும்பு’ என்பதும் பிள்ளையின் பெயராகிவிடக் கூடாது. பள்ளிப் பருவத்துக் குழந்தைக்குள் ‘என்னால் முடியும்’ என்பதும் ‘நான் மட்டம்’ என்பதும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-இலேயே எழுதினார். ஆடியில் அரும்பாக இருந்தவள் கார்த்திகையிலும் அரும்பாகவே இருந்தால் பார்க்க வேண்டியது அவளுக்குக் கிடைத்த உதவியை. இதற்கு மேல் பசி வேறு. 2023 ஆகஸ்ட் 25-இல் காலை உணவுத் திட்டம் திருக்குவளையில் இருந்துதான் மாநிலம் முழுக்க விரிந்தது. மேலே சொன்ன எந்தக் கோட்பாடும் வெறும் வயிற்றில் வேலை செய்யாது.

எத்தனை வயதில் எழுத வைக்கலாம் என்று பெற்றோர் கேட்காத நாள் இல்லை. பென்சிலால் பார்த்து வரைவதில் ஒரு வரிசை இருப்பதை குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த அர்னால்ட் கெசல் போன்றோர் பதிவு செய்திருக்கிறார்கள். வட்டம் ஏறக்குறைய 3 வயதில் வரும், கூட்டல் குறி 4-இல், சதுரம் அதற்கும் கொஞ்சம் பின்னால், முக்கோணம் 5-இல். தமிழ் ‘அ’ சுழி, வளைவு, நேர்க்கோடு எல்லாம் சேர்ந்த எழுத்து. அதனால்தான் அனுபவப்பட்ட ஆசிரியர்கள் ட, ப, ம என்று பெரும்பாலும் கோட்டாலான எழுத்துகளில் தொடங்குகிறார்கள். எழுத்துக்கு முன்கதை உண்டு, அது சைகையிலும் விளையாட்டிலும் படத்திலும் நடக்கிறது என்று வைகாட்ஸ்கியும் எழுதியிருக்கிறார்.

டபராவுக்காக அழுத அந்தப் பேத்தியை, அவளுக்கு 3 வயதானபோது, விஜயதசமியன்று பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குக் கூட்டிப்போனோம். கூட்டம் நெரிந்தது. தட்டில் நெல்லைப் பரப்பி, மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தோம். நாங்கள் கையை விட்டதும் அவள் உள்ளங்கையால் நெல்லைத் தள்ளிச் சமமாக்கினாள். தானாக ஒரு வட்டம் போட்டாள். “தோசை” என்றாள். அடுத்த ஜூனில் சேர்ந்த பள்ளியில் முதல் வாரமே ஒரு பக்கம் ‘அ’ எழுதிவரச் சொன்னார்கள். அவள் அம்மா நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு, வாசலில் கோலம் போடும்போது பக்கத்தில் ஒரு கைப்பிடி மாவும் நாலு புள்ளியும் அவளுக்கென்று விட்டுக்கொடுத்தாள். மார்கழி முழுக்க அவள் போட்டது வட்டங்களும் வாலும்தான். மாசியில், சுழிக்கோலத்துக்கு நடுவில் யாரும் கேட்காமலேயே ஒரு ‘அ’ இருந்தது. வால் மட்டும் இடப்பக்கம் திரும்பியிருந்தது.